வளைவில் நின்ற புளியமரம்

பன்னிரண்டு வருஷம் மலைப்பாதையில் ஓடிய பேருந்தைக் கடலோர ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"அங்கே எனக்கு யாரைத் தெரியும்?" என்று கலங்கியது ஹாரன். "இங்கேன்னா மூணாம் வளைவுப் புளியமரத்துக்குத் தினமும் ரெண்டு தடவை குரல் கொடுப்பேன்."

"முதல் நாள் அதை லாரின்னு நினைச்சு நீ அலறினது மறந்துபோச்சா?" என்றது பிரேக். "நானும் பயந்து இறுக்கிப் பிடிச்சேன். உள்ளே இருந்தவங்க அத்தனை பேரும் முன்னால சாஞ்சாங்க."

ஹாரனுக்குச் சிரிப்பு வந்தது.

புது ஊரில் முதல் வளைவு வந்தது. எதிரே ஏதோ பெரிதாக நின்றது. ஹாரன் அலறியது, பிரேக் இறுக்கிப் பிடித்தது. பார்த்தால், கரையேற்றி வைத்த படகு.

ஹாரன் சற்று நேரம் அந்தப் படகையே பார்த்தது.

"நாளைக்கும் இது இங்கேயே இருக்கும்ல?" என்று பிரேக்கைக் கேட்டது.