மாம்பலம் வழியாக

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று ஒரு வங்கிக்கு மூன்று கிளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். ஒரு டெலிபோன் லைன் அறுந்தால் செய்தி இன்னொரு கிளையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். எந்த வழி அறுந்துபோகாது என்று அளந்து சொல்வது நளினியின் வேலை. நாளை வங்கிக்காரர்கள் முன்னால் இது தடையில்லாமல் ஓடினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

சோதனையில் நான்காவதாக ஒரு நம்பர் பதில் சொன்னது.

"சார், இது எங்க வீட்டு நம்பர். வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாது. பூட்டிட்டு வந்திருக்கேன்."

"இந்த மழையில அறுந்துபோகாத லைன் அது ஒண்ணுதாம்மா. மாம்பலத்துல டெலிபோன் வேலை செய்யுதேன்னு சந்தோஷப்படு!" என்று சிரித்தார் மேலதிகாரி அனந்தராமன். "நாளைக்கு முடியற வரைக்கும் அதை லிஸ்ட்லேர்ந்து எடுக்காதே."

வீட்டுக்கு டயல் செய்தாள். எங்கேஜ்டு.

மறுநாள் காலையில் வீட்டு டெலிபோனை வயரோடு பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் கிளைக்கு வந்தாள்.

மழையில் மூன்று லைன்களும் படுத்துவிட்டன. ஆனாலும் அடையாறிலிருந்து அனுப்பியது திரையில் வரி வரியாக வந்தது. வங்கிக்காரர்கள் கை தட்டினார்கள்.

"எந்த வழியா வருது?" என்று கேட்டார் அவர்களில் ஒருவர்.

"மாம்பலம்," என்றார் அனந்தராமன் பெருமையாக.

நளினி கை தட்டவில்லை. மடியிலிருந்த கைப்பை மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.