மகளாகவே வளர்கிறாள்

எதையோ மறைக்கிற வீட்டில் பெரியவர்கள்தான் ஓயாமல் பேசுவார்கள். இங்கே யாருமே பேசவில்லையே, இது அதைவிட மோசமோ?

இப்படி நினைத்துக்கொண்டுதான் வடிவு அந்த ஷார்ஜா ஃபிளாட்டின் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே வீட்டுக்காரர் ரகுநாதன். பக்கத்தில் அவர் மனைவி சுசீலா. நடுவில், கண்ணாடி மேஜை மேல், ஒரு காகிதம்.

கோத்தகிரிப் பக்கத்து இருளர் சங்கம் அனுப்பிய காகிதம் அது. ஊரிலிருந்து தத்துப் போன பிள்ளையை வருடத்துக்கு ஒரு முறை சங்கத்து ஆள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் சங்கத்துக்கு இருக்கிற ஒரே ஆள் வடிவு. தொழிற்பேட்டை கிளினிக்கில் நர்ஸ். வாரம் ஆறு நாள் வெட்டுக்காயத்துக்குத் தையல் போட உதவுவாள். வெள்ளிக்கிழமை லீவில் இந்த வேலை.

'குழந்தை மகளாகவே வளர்கிறாள்' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

கையெழுத்து இல்லையென்றால் இந்த வீட்டில் வளரும் ஒன்பது வயது நாகவள்ளி அடுத்த மாதம் மலைக்குத் திரும்ப வேண்டும்.

ஜூஸை சுசீலாவே கொண்டுவந்து வைத்தாள். இன்றைக்குப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரியுமே, பிள்ளையிடமா கொடுத்து அனுப்புவார்கள் என்று வடிவின் மனம் சொன்னது.

பாத்ரூம் போய்வருவதாகச் சொல்லி எழுந்தாள். டம்ளரில் மூன்று பிரஷ். சின்னதில் ரோஸ் நிறக் கரடி. தேய்ந்த பிரஷ்தான், நேற்று வாங்கியதல்ல.

திரும்பும் வழியில் குழந்தையின் அறை. கட்டிலில் தலையணையை எடுத்து மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெயும் தூக்கமும் கலந்த வாசனை. ஆணியில் இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். கணக்கு நோட்டில் டீச்சரின் நட்சத்திரம், ஒரு பக்கம் விடாமல்.

ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு நிம்மதியாக இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

எனக்கு என்ன வேண்டும்? இந்தப் பிள்ளை கஷ்டப்பட வேண்டுமா?

போன வருடம் இன்னொரு வீட்டில் இப்படித்தான் சந்தேகப்பட்டுக் கையெழுத்தை நிறுத்தினாள். சந்தேகம் தப்பு என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்து மலைக்குத் திரும்பிய பெண் இப்போது பள்ளிக்கூடம் போகாமல் பெற்ற அம்மாவோடு தேயிலை பறிக்கிறாள்.

ஹாலுக்கு வந்தபோது நாகவள்ளி நின்றிருந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை வருண்.

பிள்ளை இல்லாமல் ஏங்கித்தான் நாகவள்ளியைத் தத்தெடுத்தார்கள். அவள் வந்த மறுவருடம் வருண் பிறந்துவிட்டான்.

"அவன இறக்கி விட்டுட்டு உக்காரு சாமி."

"அழுவான் ஆன்ட்டி."

எட்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே தான் நொண்டி விளையாடியது வடிவுக்கு நினைவு வந்தது. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. அக்கா என்றால் தூக்குவாள், அவ்வளவுதான்.

தங்கள் இருளர் பேச்சில், நீ என்ன குலம் என்று குழந்தையிடம் கேட்டாள்.

"குப்பர்" என்று யோசிக்காமல் வந்தது.

ஊருக்கு வருகிறாயா என்று அடுத்துக் கேட்டாள். குழந்தை சுசீலாவைப் பார்க்கிறதா என்று கண் கொட்டாமல் கவனித்தாள்.

பார்க்கவில்லை. நேராக வடிவையே பார்த்துக் கேட்டது: "அங்க ஏசி இருக்கா?"

ரகுநாதன் வெடித்துச் சிரித்தார். வடிவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போதும் வடிவு, ஊரில் ஒருத்தியாவது நன்றாக இருக்கட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

சுசீலா மூச்சை விட்டாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு போலிருந்தது. நகர்ந்து வந்து வடிவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"பயந்துட்டே இருந்தேன் சிஸ்டர். இவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது. ராத்திரி அவன் முழிச்சாக்கூட நான் எந்திரிக்கிறதில்ல, இவளே பால் கலக்கிக் குடுத்துடுவா."

வடிவு தலையசைத்தாள். பேனா கோட்டின் மேல் இருந்தது.

"இன்னொண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" சுசீலா குரலைத் தணித்துக்கொண்டாள். "சவுதியில, அல் கோபார்ல என் தங்கச்சிக்கு ரெட்டைப் புள்ளைங்க பொறந்திருக்கு. தனியா திண்டாடுறா. உங்க ஊர்ல இவளை மாதிரியே ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன். எல்லாம் முறைப்படி தத்தெடுத்துப்பாங்க. ரொம்பச் சின்னதா வேண்டாம். இவ வயசுன்னா சீக்கிரம் பழகிடும்."

நாகவள்ளி வருணை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றினாள்.

வடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் போட்ட நோட்டும் கரடி பிரஷும் மலையில் கிடைக்காது. அது அவளுக்குத் தெரியும். போன வருடத்துப் பெண்ணின் முகமும் தெரிந்தது.

பேனாவை மூடினாள்.

"இல்லீங்க" என்றாள்.

சுசீலாவுக்கு முகம் சற்று வாடியது. உடனே சமாளித்துக்கொண்டு, காகிதத்தை வடிவின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"பரவாயில்ல சிஸ்டர், அது மெதுவா பாத்துக்கலாம். நீங்க இதுல மட்டும் போட்டுடுங்க."

"இதுக்கும் இல்லைதாங்க" என்றாள் வடிவு.