பேசக்கூடாத நாடு

சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இந்த நாட்டில் உள்ளூர்க்காரர்களிடம் பேசக்கூடாது. கைப்பேசி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. கடவுச்சீட்டு, அழைத்து வந்தவரிடமே இருக்க வேண்டும், மீறினால் சிறை.

இந்தச் சட்டங்களை எல்லாம் தேவதர்ஷினிக்குச் சொன்னவன் அவள் கணவன் மனோஜ். ஆக்லாந்துக்கு வந்த நாள்முதல், தகனினிப் புறநகரில் இருந்த வீட்டுக்குள் அவள் அவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். அவை பொய் என்று அவள் தெரிந்துகொண்டபோது, கதவின் வெளிப்புறத்தில் பூட்டு வந்திருந்தது.

இன்று அவளை வெளியே அழைத்துவந்ததற்குக் காரணம் இருந்தது. மகளின் குரலைக் கேட்டே மாதக்கணக்காகிறது என்று அவள் அப்பா சந்தேகப்படத் தொடங்கியிருந்தார். நான்கு நினைவுப்பரிசுகளும் சிரித்த முகத்தோடு ஒரு படமும் போனால் போதும் என்பது மனோஜின் முடிவு.

இந்தியக் கடைகள் நிறைந்த சான்ட்ரிங்ஹாம் பகுதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தமிழ் காதில் விழும். ஆகவே, துறைமுகத்தருகே கப்பல் பயணிகள் வந்துபோகும் கடையாகப் பார்த்து அவன் தேர்ந்தெடுத்திருந்தான்.

கல்லாவில் நின்ற மாநிறப் பெண்ணின் சட்டையில் ‘நீனா’ என்று எழுதியிருந்தது.

“பிஜிக்காரி. இந்திதான் தெரியும். இருந்தாலும் நீ வாயத் தொறக்காத,” என்றான் மனோஜ்.

தேவதர்ஷினி கிவிப் பறவை தொங்கிய ஒரு சாவிவளையத்தைக் கையில் எடுத்தாள்.

“உங்கிட்ட ஏதுடி சாவி? வையி அத,” என்று சிரித்தான். “ஒரு டீ-ஷர்ட் எடு. போட்டுக்கிட்டு போட்டோவுக்கு நில்லு. உங்கப்பன் குளிர்ந்துபோவான்.”

நீனா பெரிய அளவில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“தொளதொளன்னு இருக்கும். சின்னதே போதும்,” என்று அவன் மனைவியிடம் முணுமுணுத்தான். அதை ஆங்கிலத்தில் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் சின்னது மேசைமேல் இருந்தது.

போட்டுப் பார்க்கும் அறை பின்பக்கம் இருக்கிறது என்றும், அங்கே பெண்கள் மட்டுமே போகலாம் என்றும் நீனா ஆங்கிலத்தில் சொன்னாள்.

மனோஜ் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். கண்ணுக்குத் தெரிந்த ஒரே வாசலில் போய் நின்றுகொண்டான்.

“ரெண்டே நிமிஷம். ஏதாவது பண்ணின, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறேன்.”

அவள் தலையசைத்தாள். பொம்மை அடுக்குகளைத் தாண்டி நீனாவின் பின்னால் நடந்தாள். திரை மூடியது.

கண்ணாடி முன் நின்று, படத்துக்கு வேண்டிய சிரிப்பைப் பழகிப் பார்த்தாள். வரவில்லை.

திரை மெல்ல விலகியது. நீனாவின் முகம் அவள் காதருகே வந்தது.

“தங்கச்சி, பின்கதவு திறந்துதான் கிடக்கு.”