நட்சத்திரத்துக்குக் கீழே

அருளப்பனின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முதல்நாள் பதிவு செய்துவைத்த அவர் குரல் இப்போது எந்தக் கருவியிலும் ஓடவில்லை. மனைவி பிலோமினா கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்து, அந்தக் குரல் கோப்பை ஹெக்ஸ் எண்களாக, கணினி அதைச் சேமித்துவைத்திருக்கும் வடிவிலேயே, விரித்தாள். முதல் வரி முழுக்கப் பூஜ்ஜியம், அதாவது காலி. அடுத்த வரியில் ஒற்றை நட்சத்திரக் குறி. மேலே உள்ளதேதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று அர்த்தம். அவர் மேஜையைத் தட்டி, என்ன என்று புருவத்தால் கேட்டார். அவள் திரையில் இன்னும் கீழே உருட்டிப் போனாள். கலைத்த புற்றிலிருந்து கிளம்பும் எறும்புகள்போல எண்ணும் எழுத்தும் மொய்த்துக்கொண்டு வந்தன. வந்துகொண்டே இருந்தன.

“மேல மட்டுந்தாங்க காலி,” என்றாள், மூச்சு திரும்பி. “கீழ பூரா நீங்கதான் இருக்கீங்க.”

அவர் ஒரு கையால் கழுத்தில் சுற்றியிருந்த கட்டுத்துணியைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலை அந்த வரிகளின்மேல் மெல்ல ஓட்டினார். உதடுகள் அசைந்தன.