பெரியண்ணன் இருக்கும் வரை

"பெரியண்ணனைத் தூக்கணும் சார்" என்றாள் அவள்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து இருக்கை அக்கா அவளைக் காபி மெஷின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் எச்சரித்திருந்தாள். லீவு கேள், நல்ல நாற்காலி கேள், பெரியண்ணன் பக்கம் மட்டும் போகாதே. அதை மாற்றச் சொன்னவர் யாரும் இப்போது இந்த மாடியில் இல்லை.

பெரியண்ணன் ஆள் இல்லை, ஒரு ஃபைல். மருத்துவமனை முன்பதிவுப் பக்கத்தில் எந்த எழுத்துக்கு என்ன நிறம், எந்தப் பட்டனுக்கு எந்த இடம் என்று கட்டளையிடும் ஸ்டைல் ஷீட். பதினெட்டு வருடத்துக்கு முன் மேலாளர் தன் கையால் எழுதியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக நிறம் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தது பெரிய விஷயம்தான். அதை அவளும் மறுக்கவில்லை.

வினை அப்புறம்தான் வந்தது. கைபேசி வந்தது, திரை சுருங்கியது. வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பழைய வரியைத் தொடப் பயந்து, கீழே புது வரி எழுதி, 'இதுதான் முக்கியம்' என்று முத்திரையும் குத்திவிட்டுப் போனார்கள். அடுத்தவர் வந்து அதற்குமேல் ஒரு முக்கியம். பதினாலாயிரம் வரி. வீட்டில் ஆளுக்கு ஆள் மூத்த மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் மொண்டு தருவது யார்?

"ஸ்டைல் ஷீட் எழுதற மொழியே இப்ப எவ்வளவோ வளர்ந்துடுச்சு சார். திரை என்ன அகலம்னு பக்கமே பாத்து தன்னை அடுக்கிக்குது. நாமதான் இன்னும் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருக்கோம்."

"நீ பள்ளிக்கூடம் போறப்பவே பெரியண்ணன் வேலைக்கு வந்தாச்சு. பாத்துப் பேசு."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் அப்பா மூட்டை தூக்குபவர். மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலிக்கு டாக்டரைப் பார்க்க, தன் சின்னக் கைபேசியில் டோக்கன் போட்டார். 'உறுதி செய்' பட்டன் திரைக்கு வெளியே தள்ளிப் போயிருந்தது அவருக்குத் தெரியவில்லை. அரை நாள் வரிசையில் நின்று, டோக்கன் பதிவாகவில்லை என்று திரும்பி வந்து, "அது நீ வேலை பாக்கற பக்கம்தானேம்மா?" என்றார். குறை சொல்லவில்லை, வெறுமே கேட்டார். அது இன்னும் அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

மேலாளர் சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தைக் காட்டினார். மருத்துவமனையிலிருந்து நேற்று வந்தது. போன மாதத்திலிருந்து பழைய கைபேசியில்கூடப் பக்கம் சட்டென்று திறக்கிறது, ஒரு புகார்கூட இல்லை, நன்றி என்று எழுதியிருந்தார்கள். அதை அவரே இரண்டு முறை வாசித்துக் காட்டினார். பிறகு தன் கைபேசியில் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு, பட்டன் எப்படிக் கச்சிதமா உக்காந்திருக்குன்னு. பதினெட்டு வருஷமா தாங்கிப் பிடிக்கிறான். அவனை உருவினா மொத்தமும் சீட்டுக்கட்டு மாதிரி சரியும்."

அவள் குனிந்து அந்தப் பட்டனைப் பார்த்தாள். அது அவருக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது. நாளைக்குப் புதிதாகப் பத்துப் பேர் சேருகிறார்கள், அவர்களுக்குப் பெரியண்ணனின் பெருமையை அவளே பாடமாக எடுக்க வேண்டும், முடியாதென்றால் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அட்டை ஏற்கெனவே அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. அறைக்குள் நுழையும் முன்பே கழற்றியிருந்தாள். மேசையில் வைத்தாள்.

மேலாளர் சிரித்தார். "வீராப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. போற போக்குல ஒரே ஒரு நாள் பெரியண்ணன் இல்லாம இந்தப் பக்கத்தை நிக்க வச்சுக் காட்டு. என் நாற்காலியையே உனக்குத் தரேன்."

அவள் கதவைத் திறந்து பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"நாற்காலியை நீங்களே வச்சுக்கங்க சார். இந்தப் பக்கம் அவரைக் கூப்பிடறதை நிறுத்தி நாப்பது நாள் ஆச்சு. உங்க கையில இப்ப ஓடறது நான் எழுதின அறுநூறு வரி. வேலையில்லாம சர்வர்ல படுத்துக் கிடக்காரே, அவரைத் தூக்கத்தான் உங்ககிட்ட அனுமதி கேட்டேன்."