உயர்ந்த கை

ஆட்டநாள் காலையில் அந்தக் கபடி அணியின் பயிற்சியாளர் பட்டியலை வாசிப்பார். பெயர் கேட்டவன் இடக்கையைத் தலைக்குமேல் உயர்த்த வேண்டும். உயராத தோளுக்கு ஆடுகளத்தில் இடமில்லை. உயர்ந்த தோள் எதைச் சுமக்கிறது என்று எவரும் கேட்பதுமில்லை. மாற்று ஆட்டக்காரனாக இரண்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்தே களைத்துப்போன இசக்கிராஜின் பெயர் இன்றுதான் முதன்முறையாக வந்தது.

"இடது மூலை, இசக்கிராஜ்."

நேற்றைய பயிற்சியில் ஒருவனின் காலைப் பிடித்துத் தொங்கியபோது இசக்கிராஜின் இடது தோள் நழுவியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கை, வேறு யாருடையதோபோல், தொடையருகே கிடந்தது.

"என்னலே, பேரைக் கேட்டதும் தூங்கிட்டியா? கையத் தூக்குலே!" தாளிலிருந்து கண்ணெடுக்காமல் பயிற்சியாளர் கத்தினார்.

பின்வரிசையில் செல்வின் நின்றான். நான்கு ஆண்டுகள் அந்த மூலையைக் காத்தவன். போன வாரம் அதே இடது தோளில் தசை கிழிந்து கட்டுப்போட்டிருப்பவன்.

"வலிக்குதாலே?" என்றான் காதோரம்.

"இல்லண்ணே."

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

செல்வின் தன் நல்ல கையால் இசக்கிராஜின் முழங்கையைப் பின்னாலிருந்து தாங்கி, மெல்ல மேலேற்றினான். பயிற்சியாளர் நிமிர்ந்தபோது வரிசைக்குமேல் ஒரு கை தெரிந்தது. அவர் அடுத்த பெயருக்குப் போனார். செல்வின் பிடியை விடவில்லை.