வெடிக்கவே வெடிக்காத உருளை

ஒரு மேசைமேல் பென்சில் ஒன்று இருந்தது. பயங்கரமான அழுத்தத்தில் தண்ணீரை அடைத்துவைக்கும் இரும்பு உருளைகளை வரைவதுதான் அதற்கு வேலை. பொழுது விடிந்தால் அதற்கு ஒரே பயம்: "நான் வரைஞ்சது வெடிச்சிட்டா?"

அன்று வரைய வந்த உருளைக்கு வெளி அளவு துளியும் கூடக் கூடாது என்று கண்டிப்பு. பென்சில் கணக்குப் போட்டு, சரியான கனத்தில் சுவர் வரைந்தது. மனசு கேட்கவில்லை. உள்பக்கமாக இன்னொரு சுற்று சேர்த்தது.

"போதும்டி, தேவைக்கு மூணு மடங்கு பலம் ஏற்கெனவே இருக்கு" என்றது பக்கத்தில் கிடந்த ரப்பர்.

"உனக்கென்ன, அழிச்சிட்டுப் போயிடுவே. பக்கத்துல நிக்கிறவங்க கதி?"

மறுபடி ஒரு சுற்று. அப்புறம் இன்னொன்று. கடைசியில் நடுவில் ஒரு பொட்டளவு இடம்தான் மிச்சம். அதையும் கறுப்பாக அடைத்துவிட்டு, பென்சில் நிம்மதியாகத் தூங்கிப்போயிற்று.

மறுநாள் தண்ணீர் குடிவந்தது. உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, தட்டிப் பார்த்தது.

"அக்கா, வாசல் எங்கே?"

"வாசல் வெச்சா கசியுமே, கண்ணு!"

"அப்போ நான் எங்கே இருக்கிறது? இதை நம்பி இருந்த இடத்தையும் விட்டுட்டு வந்துட்டேனே!" என்றது தண்ணீர்.

பென்சில் பதறிப்போயிற்று. "ஐயையோ, இப்படியா வெட்டவெளியில நிப்பே? ஏதாவது ஆயிடப் போகுது, அசையாதே!" என்று, தண்ணீரை ஒட்டினாற்போல் சுற்றிலும் சுவர் வரைய ஆரம்பித்தது.